60 வயசுக்கு முன்னாடி ஒரு மண்டோர் போட்ட கணக்கு: ஒரு நிகழ்வு ஆய்வு

இந்த கேஸ்ல வர்றவரு மலேசியாவுல சுங்கை சிப்புட் பக்கத்துல ஒரு செம்பனை (பாமாயில்) தோட்டத்துல மண்டோர், அதாவது ஆளுங்கள வேலை வாங்குற மேஸ்திரி. பேரு வேணாம்னு அவரே சொல்லிட்டாரு, "எழுதுறதெல்லாம் எழுதுங்க சார், ஆனா என் இடுப்பு அளவோட பேரையும் சேத்து போட்டுடாதீங்க"ன்னு, அதனால அண்ணன்னே வச்சுக்குவோம். நான் தமிழ்ப்பள்ளியில உடற்கல்வி சொல்லிக் குடுக்குற வாத்தியார், டாக்டரும் இல்ல பிசியோவும் இல்ல. மருந்து மாத்திரையெல்லாம் அரசாங்க கிளினிக்கு பாத்துக்கிச்சு, ஒரு வெள்ளி (ரிங்கிட்) கட்டுனா பாத்துடுறாங்க. பென்சனுக்கு முன்னாடி என்ன செய்யணும், என்ன குறி வைக்கணும்னு ஒக்காந்து பேசுன பங்குதான் என்னுது. அது ஏறக்குறைய ஒரு வருஷக் கதை.

ஆளு எப்படி

ரப்பர் காலத்து ஆளு. பதினாறு வயசுல அம்மாகூட பால் மரம் வெட்டப் போனவரு, அப்புறம் தோட்டம் செம்பனைக்கு மாறுனதும் குலை வெட்டுக்கு மாறிட்டாரு. செம்பனை வெட்டு தெரியாதவங்களுக்கு சொல்றேன், குட்டை மரத்துல சீசல் வச்சு குத்தணும், வளந்த மரம்னா நீளக் கம்புல அருவா மாட்டி அண்ணாந்து நின்னு இழுக்கணும், மட்டைய முதல்ல வெட்டி அப்புறம் குலை, ஒரு குலை 20 கிலோ, சில மரத்துல அதுக்கும் மேல, அத தூக்கி வண்டி வர்ற எடத்துக்கு கொண்டு சேக்கணும். நாப்பது வயசு தாண்டுற வரைக்கும் இந்த வேலைதான். அப்புறம் மண்டோர் ஆக்குனாங்க. மண்டோர்னா விடிகாலையில பெரட்டுல, அதாவது வேலைக்கு முன்னாடி எல்லாரும் கூடுற எடத்துல, ஆள் கணக்கு எடுக்கணும், யாரு எந்த நிரைன்னு பிரிச்சு விடணும், அப்புறம் மோட்டார் சைக்கிள்ல சுத்தி பாத்துக்கிட்டே இருக்கணும். பதினஞ்சு வருஷமா அந்த மோட்டார்தான் அவரு காலு.

கேஸ் முழுக்க இந்த பதினஞ்சு வருஷத்துல தான் இருக்கு. ஆனா அவரப் பொறுத்தவரைக்கும் இன்னிக்கும் அவரு குலை தூக்குற ஆளு. "தோட்டத்து ஒடம்பு சார் இது, உங்க தாமான் ஆளுங்க மாதிரி கிடையாது"ன்னு நெஞ்ச தட்டிக் காட்டுவாரு, தாமான்னா டவுன் பக்கத்து குடியிருப்பு. தோட்டத்துல பொறந்து வளந்த நம்ம ஆம்பளைங்க முக்காவாசிப் பேரு இப்படித்தான், முப்பது வயசுல இருந்த ஒடம்ப மனசுல வச்சுக்கிட்டு அறுவதுல நடமாடுறாங்க.

59 வயசுல கிளினிக் புக்குல இருந்தது இது: எடை 84 கிலோ, உயரம் 165 செ.மீ., இடுப்பு 104 செ.மீ., எச்பிஏ1சி (ரெண்டு மூணு மாசச் சராசரி சக்கரை) 8.9, பிரஷருக்கு ரெண்டு மாத்திரை, சக்கரைக்கு மெட்ஃபார்மினும் கிளிக்லசைடும். மலேசியாவுல பிஎம்ஐ, அதாவது உயரத்துக்கு ஏத்த எடையான்னு பாக்குற கணக்கு, 27.5 தாண்டுனாலே உடல்பருமன் கணக்குல சேக்குறாங்க, வெள்ளைக்காரங்களுக்கு வச்ச 30 நமக்கு ஆகாது, ஏன்னா ஆசியாக்காரங்களுக்கு கொறஞ்ச எடையிலயே சக்கரையும் இருதய நோயும் வந்துடுது. ஆம்பளைங்க இடுப்புக்கு 90 செ.மீ. தான் எல்லை. 2019ல சுகாதார அமைச்சு எடுத்த தேசிய ஆய்வுல பெரியவங்கள்ல அஞ்சுல ஒருத்தருக்கு பக்கமா சக்கரை, அதுலயும் மத்த இனங்கள விட இந்தியர்களுக்குத்தான் அதிகம். அண்ணன் வீட்டுலயே அவங்க அப்பா, ஒரு அண்ணன், ரெண்டு பேருக்கும் கால் விரல் எடுத்தாச்சு. அதனால பயம் இருந்துச்சு, இல்லன்னு சொல்ல முடியாது.

முதல்ல அவரு எழுதுன லிஸ்ட்டு

பேரப்புள்ள கொப்பியில ஒரு பக்கத்த கிழிச்சு எழுதிக்கிட்டு வந்தாரு. 15 கிலோ எறக்கணும். தெனம் 10,000 அடி நடக்கணும். பத்துமலை 272 படிய நிக்காம ஏறணும். தமிழ்நாட்டுக்கு போய் தாத்தா ஊர பாக்கணும். வீட்டு பின்னாடி காய்கறி போடணும். குடிய விடணும்னு எழுதி அத அடிச்சுட்டு "கொறைக்கணும்"னு மாத்தியிருந்தாரு.

நல்ல லிஸ்ட்டு தான், யாரு எழுதுனாலும் இப்படித்தான் வரும், அதுதான் எனக்கு உறுத்துச்சு. இதுல அண்ணன் எங்க இருக்காரு? 10,000 அடிங்கறது 1965ல ஜப்பான்ல அடி எண்ணுற கருவி விக்கறதுக்காக வந்த நம்பரு, எந்த டாக்டரும் கணக்கு போட்டு சொன்னது கிடையாது. பின்னாடி நெறைய ஆராய்ச்சிய ஒண்ணா சேத்து பாத்தப்ப 60 தாண்டுனவங்களுக்கு 6,000த்துல இருந்து 8,000 அடிக்குள்ளயே நன்மை பெரும்பாலும் கெடைச்சிடுதுன்னு வந்திருக்கு. 15 கிலோ எறக்கறதும் அப்படித்தான், இந்த வயசுல வேகவேகமா பட்டினி கிடந்து எறக்குனா கொழுப்போட சேந்து சதையும் போயிடும், அப்புறம் எடை மட்டும் அழகா இருக்கும், ஆளு எந்திரிக்க மாட்டாரு.

எந்திரிக்கறதுன்னு சொன்னேன்ல, அத சோதிச்சு பாத்தோம். கைப்பிடி இல்லாத நாற்காலி, உக்கார்ற எடம் 43 செ.மீ. உயரம், ரெண்டு கையையும் நெஞ்சுல குறுக்க கட்டிக்கணும், 30 வினாடிக்குள்ள எத்தன தடவ முழுசா எந்திரிச்சு உக்கார முடியுதுன்னு எண்ணணும். 60லிருந்து 64 வயசு ஆம்பளைக்கு 14க்கு கீழ போனா சராசரிக்கு கம்மின்னு அர்த்தம், பொம்பளைங்களுக்கு 12. அண்ணன் சிரிச்சுக்கிட்டே உக்காந்தாரு, முதல் தடவையே கைய தொடையில ஊணிட்டாரு. கைய ஊணுனா இந்த சோதனையில பூஜ்யம். "இன்னொருவாட்டி"ன்னு வேகமா சொல்லிட்டு பல்ல கடிச்சுக்கிட்டு செஞ்சாரு, 9 வந்துச்சு. அடுத்து ஒரு கால் குதிங்கால இன்னொரு கால் விரலோட ஒட்டி கோடு மாதிரி வச்சு நிக்கச் சொன்னேன், 10 வினாடி நிக்கணும், அதுக்குள்ள சாஞ்சுட்டாரு.

ரொம்ப நேரம் பேசல. அப்புறம் "மோட்டார்லா சார், மோட்டார்"னு மட்டும் சொன்னாரு. நான் ஒண்ணும் வெளக்க வேண்டியிருக்கல.

வேலை போனா என்னென்ன சேந்து போகும்

அதுக்கப்புறம் அந்த லிஸ்ட்ட ஓரமா வச்சுட்டு, வேலை நாள்ல காலையில இருந்து ராத்திரி வரைக்கும் என்ன நடக்குதுன்னு எழுதச் சொன்னேன். குறிக்கோள் எழுதறதுக்கு முன்னாடி இதத்தான் செய்யணும்னு நான் இப்ப நம்புறேன், ஏன்னா தோட்டத்துல வேலை செஞ்சவனுக்கு நேரம் அவன் கையில இருந்ததே இல்ல, நாப்பது வருஷமா தோட்டம்தான் எழுப்புச்சு, தோட்டம்தான் சாப்பிட வச்சது, தோட்டம்தான் தூங்க வச்சது. அது நிக்கிற அன்னிக்கு என்னென்ன கூடவே நின்னு போகுதுன்னு தெரியாம புதுசா குறிக்கோள் வச்சு என்ன பண்றது.

எழுதுனதுல வந்தது: நாலே முக்காலுக்கு எழுந்திரிக்கறது. பெரட்டுல நின்னு பேசறது. மோட்டார்ல போனாலும் எறங்கி ஏறி நிரைக்குள்ள நடக்கறது கொஞ்சமாவது உண்டு. பத்து மணிக்கு கட்டிக்கிட்டுப் போன சோறு, அதனால அந்த நேரத்துக்கு மாத்திரை ஒழுங்கா. கால்ல பூட்ஸ். நாள் முழுக்க யாராவது "மண்டோரே"ன்னு கூப்பிட்டுக்கிட்டே இருக்கறது.

இதுல பூட்ஸ் விஷயம் சின்னதா தெரியும், ஆனா சக்கரைக்காரனுக்கு பெரிய விஷயம். வேலை நிக்கிற அன்னிக்கு பூட்ஸ கழட்டிடுவான், அப்புறம் சாகுற வரைக்கும் ஜப்பான் சிலிப்பர்தான். கால்ல உணர்ச்சி கொறைஞ்சவனுக்கு சிலிப்பர்ல முள்ளு குத்துனாலும் தெரியாது, கல்லுல இடிச்சாலும் தெரியாது. கிளினிக்ல மெல்லிசு நைலான் நூல் மாதிரி ஒண்ண வச்சு பாதத்துல தொட்டு பாத்தாங்க, பெருவிரல்ல அவருக்கு சரியா தெரியல. அப்பாவுக்கும் அண்ணனுக்கும் விரல் போன வீடு. அதனால நாங்க எழுதுன முதல் குறிக்கோளே எடையும் இல்ல நடையும் இல்ல, கட்டு வச்ச ஷூவும் காலுறையும் போடாம வாசல் தாண்டக் கூடாது, ராத்திரி படுக்கப் போறதுக்கு முன்னாடி அண்ணி பாதத்த பாக்கணும். காசு செலவுன்னு பாத்தா அந்த ஷூ ஒண்ணுதான்.

இன்னொண்ணு வீடு. தோட்டத்து வீட்டுல இருக்கறவங்க வேலை முடிஞ்சதும் காலி பண்ணணும், இது எல்லாருக்கும் தெரிஞ்ச கதை. அண்ணன் முன்கூட்டியே சேமநிதியில இருந்து, அதாவது சம்பளத்துல பிடிச்சு வைக்கற ஓய்வுக்காலச் சேமிப்புல இருந்து (ஈபிஎஃப்), எடுத்து டவுன் ஓரமா ஒரு தாமான்ல வீடு வாங்கிட்டாரு, மகன் குடும்பத்தோட ஒரே வீடு, ரூம்பு மேல மாடியில. மாடிப்படிக்கு ஒரு பக்கம் கூட பிடிமானம் இல்ல. பத்துமலை 272 படிய அப்புறம் பாப்போம், முதல்ல இந்த பதினாலு படிக்கு ஒரு கம்பி வைங்கண்ணேன்னு சொன்னேன். வச்சாரு, ஆனா மூணு மாசம் இழுத்துத்தான்.

மாத்தி எழுதுனது

பேச்சு ஓட்டத்துல கேட்டேன், எழுபது வயசுல என்ன செய்ய முடியலன்னா உங்களுக்கு அவமானமா இருக்கும்னு. அவரு யோசிக்கவே இல்ல. கோயில் அன்னதானத்துல எல்லாரும் தரையில உக்காந்து சாப்பிடுறப்ப தனக்கு மட்டும் பிளாஸ்டிக் நாற்காலி போட்டுக் குடுக்கறதுன்னாரு. சம்மணம் போட்டு உக்காந்து, சாப்பிட்டு, யாரும் கை குடுக்காம எந்திரிக்கணும். அதையே பெரிய குறிக்கோளா வச்சுக்கிட்டோம். இதுல முட்டி, இடுப்பு, தொடை சதை, நிதானம் எல்லாம் சேந்து வேலை செய்யணும், ஒரு ஜிம் காரன் உக்காந்து யோசிச்சிருந்தாலும் இதவிட நல்ல சோதனை கண்டுபிடிச்சிருக்க மாட்டான். கூடவே 10 கிலோ அரிசி மூட்டைய வாசல்ல இருந்து அடுப்படி வரைக்கும் தூக்கிட்டுப் போறது. நாற்காலி சோதனையில 14. அவ்வளவுதான், எடைக்கு நம்பரே வைக்கல, அவரு கேட்டுக்கிட்டே இருந்தாரு, இடுப்ப அளந்துக்கலாம்னு சமாதானம் பண்ணி விட்டேன்.

செஞ்சது ரொம்ப சாதாரணம். உலக சுகாதார நிறுவனம் வாரத்துக்கு 150லிருந்து 300 நிமிஷம் மிதமான அசைவு, ரெண்டு நாளாவது சதைக்கு பலம் குடுக்கற பயிற்சின்னு சொல்லுது, 65 தாண்டுனவங்களுக்கு நிதானப் பயிற்சியும் மூணு நாள். நாங்க 65 வரைக்கும் காத்திருக்கல. சாயங்காலம் பாடாங்க, அதாவது திடல, சுத்தி நடை, நடக்கறப்ப பேச முடியணும் பாட முடியக்கூடாது, அந்த வேகம். திங்கள், வியாழன், சனி வீட்டுல நாற்காலியில இருந்து எழுந்திரிக்கறது, சுவத்துல கைய வச்சு தள்ளுறது, குதிங்கால தூக்கி நிக்கறது, ரெண்டு கையில தண்ணி ரொப்புன அஞ்சு லிட்டர் டப்பா தூக்கி நடக்கறது. விடியக்காலை வெறும் வயித்துல நடக்க வேணாம்னு கிளினிக்லயே சொல்லிட்டாங்க, ஏன்னா அந்த கிளிக்லசைடு மாத்திரை எடுக்கறவங்களுக்கு சாப்பிடாம நடந்தா சக்கரை டக்குனு எறங்கிடும். பாக்கெட்டுல எப்பவும் ரெண்டு மிட்டாய். கடையில தே தாரிக்குக்கு (இனிப்பான பால் டீ) பதிலா தே ஓ கொசோங் (பாலும் சீனியும் இல்லாத டீ), இதுக்கு அவரு பட்ட பாடு குடிய கொறைக்க பட்ட பாட்ட விட ஜாஸ்தி, "இது என்ன சார் மட்டை ஊற வச்ச தண்ணி மாதிரி"ன்னு முதல் வாரம் பூரா திட்டுனாரு.

ரெண்டாவது மாசம் முட்டி வீங்கிடுச்சு. ஆர்வக் கோளாறுல மகனோட பந்தயம் கட்டி மாடிப்படிய ஏறி ஏறி எறங்கியிருக்காரு. ரெண்டு வாரம் நடைய நிறுத்தி, உக்காந்தபடியே காலை நீட்டி மடக்கற பயிற்சி மட்டும். அந்த ரெண்டு வாரத்துலதான் விட்டுடுவாரோன்னு நெனச்சேன். விடல, காரணம் நான் இல்ல, அண்ணி.

அண்ணி

அண்ணியும் அதே தோட்டத்துல உரம் போட்டவங்க, மருந்து அடிச்சவங்க, முட்டி வலியில 55லயே நின்னுட்டாங்க. இந்த ஒரு வருஷப் பேச்சுல பல வாரம் அவங்கள யாருமே ஒண்ணும் கேக்கல, தே கலக்கி வச்சுட்டு உள்ள போயிடுவாங்க. ஒரு நாள் அண்ணன் பெருமையா ரிட்டையர் ஆனப்புறம் தினசரி என்ன நடக்கும்னு படிச்சுக் காட்டுனாரு, எட்டு மணிக்கு பசியாறல், ஒரு மணிக்கு சாப்பாடு, நாலு மணிக்கு பலகாரம், அண்ணி வாசப்படியில நின்னுக்கிட்டு கேட்டாங்க: "இவரு ரிட்டையர் ஆவாரு, நான் எப்ப ஆவுறது?"

சிரிச்சோம். ஆனா அவங்க சிரிக்கல. இத்தன வருஷம் காலையில ஒரு வேளை கட்டிக் குடுத்தா சாயங்காலம் வரைக்கும் வீடு அவங்களோடது. இனிமே அந்த ஆளு நாள் முழுக்க வீட்டுல. பேரப்புள்ளைங்கள பாக்கறதும் அவங்கதான். அவங்க சொன்ன குறிக்கோள் ரெண்டே ரெண்டு, மதியச் சமையல் வாரத்துல மூணு நாள் அண்ணன் பொறுப்பு, வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவங்க கோயிலுக்குப் போனா வர்ற வரைக்கும் போன் பண்ணக் கூடாது. அண்ணன் காட்டுல சோறு ஆக்கித் தின்ன ஆளுதான், சமையல் தெரியும், வீட்டுல தெரியாத மாதிரி இருந்திருக்காரு, அவ்வளவுதான். இது நடந்தப்புறம் சாப்பாட்டுல அவருக்கே கண்ணு வந்துச்சு, எவ்வளவு எண்ணெய் ஊத்துறோம், எவ்வளவு சோறு போடறோம்னு அவரு கையாலயே அளந்தாரு. கிளினிக்ல டயட் பேப்பர் குடுத்து நடக்காதது இதுல நடந்துச்சு. என்னக் கேட்டா ரிட்டையர்மெண்ட் குறிக்கோள ஒருத்தரா உக்காந்து எழுதறதே தப்பு, வீட்டுல இருக்கற இன்னொருத்தர் நாளையும் சேத்துத்தான அது மாத்தப் போகுது.

அண்ணி நாற்காலி சோதனையில 7. முட்டிக்கு ஸ்பெஷலிஸ்ட் பாக்க ஈப்போ பெரிய ஆஸ்பத்திரிக்கு கடுதாசி வாங்கியாச்சு.

காசும் ஜாகா வேலையும்

60 வயசுல கட்டாயமா அனுப்பலாம்னு சட்டம், 2013 ஜூலையில அமலுக்கு வந்தது, அதுக்கு முன்னாடி தனியார்ல 55லயே அனுப்பிடுவாங்க. அண்ணன் 55ல சேமநிதியில பாதிய மக கல்யாணத்துக்கு எடுத்துட்டாரு, வீட்டுக்கு எடுத்தது தனி. மிச்சம் இருந்ததும், 55க்கு அப்புறம் கட்டுனது சேந்த எமாஸ் கணக்கும் கூட்டுனா 68,000 வெள்ளி. சேமநிதி ரொம்ப நாளா அடிப்படைத் தொகைன்னு சொன்னது 240,000, அதாவது மாசம் 1,000 வெள்ளின்னு 20 வருஷத்துக்கு. 68 ஆயிரத்த மாசம் ஆயிரமா எடுத்தா டிவிடெண்டோட சேத்து ஆறேழு வருஷம்.

நம்ம ஊரு காரனுக்கு இந்தக் கணக்கு புதுசு இல்ல. தோட்டத்த துண்டு போட்டு வித்தப்ப, 1960ல இதே ஊரு சம்பந்தன், அப்ப மஇகா கட்சித் தலைவரா இருந்தவரு, தொழிலாளிங்ககிட்ட பத்து பத்து வெள்ளியா சேத்து தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்த ஆரம்பிச்சாரு, கொஞ்சம் கொஞ்சமா சேத்தா தோட்டமே வாங்கலாம்னு காட்டுன ஊரு இது. ஆனா மொத்தமா கையில வந்த காச வச்சுக்கத் தெரியாத கதையும் இதே ஊருல தெருவுக்கு ரெண்டு இருக்கு, வேன் வாங்கி நட்டப்பட்டவங்க, மச்சானுக்கு குடுத்து ஏமாந்தவங்க, குடிச்சே தீத்தவங்க. அண்ணன் எடுத்த முடிவு எனக்கு பிடிச்சிருந்தது, மொத்தமா எடுக்கல, உள்ளயே விட்டாரு, 2024க்கு சேமநிதி 6.30 சதவீதம் டிவிடெண்ட் குடுத்துச்சு, எந்த வேன் குடுக்கும் அத?

அப்ப மாசச் செலவுக்கு? ஜாகா வேலைதான், அதாவது செக்யூரிட்டி காவல். நம்ம ஆளுங்க ரிட்டையர் ஆனா அடுத்த மாசமே ஏதாவது ஒரு பொண்டோக்குல (காவல் கொட்டாய்ல) யூனிபார்மோட உக்காந்திருப்பாங்க. முதல்ல வந்தது ராத்திரி ஷிப்ட், பன்னண்டு மணி நேரம், வாரத்துல ஆறு நாள். இங்கதான் நாங்க எழுதுன எல்லாத்துக்கும் பரீட்சை. பன்னண்டு மணி நேரம் உக்காந்திருந்தா நடை போச்சு, ராத்திரி முழிச்சா சாப்பாட்டு நேரமும் மாத்திரை நேரமும் போச்சு, தூக்கம் கெட்டா சக்கரையும் கெடும். காசு வேணாம்னு சொல்ற நெலமையில அவரு இல்ல, நானும் அத சொல்ல யாரு. ஒரு வாரம் யோசிச்சுட்டு அந்த வேலைய விட்டாரு, காத்திருந்து ஒரு பட்டறையில பகல் ஷிப்ட் பிடிச்சாரு, சம்பளம் கொஞ்சம் கம்மி, மணிக்கு ஒருவாட்டி வேலிய சுத்தி நடந்து கார்டு தட்டணும். அந்த வேலி சுத்தறது மத்தவங்களுக்கு தொல்லை, இவரு அதுக்காகவே எடுத்துக்கிட்டாரு. 60 தாண்டுனவங்களுக்கு முதலாளி சேமநிதிக்கு கட்டாயம் கட்ட வேண்டியது 4 சதவீதம்தான், தொழிலாளி கட்ட வேண்டியதில்ல, அதனால கையில வர்ற சம்பளம் அப்படியே வருது.

எங்க வந்து நிக்குது

60 முடிஞ்ச மாசத்துல எடுத்த அளவு: எடை 81, மூணு கிலோதான் எறங்கியிருக்கு, அவருக்கு ஏமாத்தம். இடுப்பு 98. நாற்காலி 13. ஒண்ணு கொறையுது, அவரு ஸ்டாப்வாட்ச் தப்புன்னு சண்டைக்கு வந்தாரு. குதிங்கால் ஒட்டி 10 வினாடி நிக்கறாரு. எச்பிஏ1சி 7.6, ஆனா நடுவுல டாக்டர் மருந்தையும் மாத்துனாரு, அதனால எவ்வளவு நடை, எவ்வளவு மாத்திரை, எவ்வளவு கொசோங்னு பிரிச்சு சொல்ல வழியில்ல. குடி வாரத்துக்கு ஒரு நாளா கொறைஞ்சிருக்கு, தீபாவளிக்கு முந்தி பிந்தி கணக்குல எடுக்கக் கூடாதுன்னு கறாரா சொல்லிட்டாரு. காய்கறி தோட்டம் நடக்கல, வெண்டிக்கா ரெண்டு செடி வச்சு ரெண்டையும் கோழி தின்னுடுச்சு. தமிழ்நாடு பயணம் தள்ளி வச்சாச்சு.

அன்னதானம் சோதனை பங்குனி உத்திரத்துக்கு நடந்துச்சு. தரையில உக்காந்து சாப்பிட்டாரு. எந்திரிக்கறப்ப ஒரு கைய தரையில ஊணிட்டாரு, யாரும் கை குடுக்கல. அத பாஸா ஃபெயிலான்னு ரெண்டு பேருக்கும் இன்னும் ஒத்துப் போகல, நான் பாதி மார்க்குதான் குடுப்பேன்னு நிக்கறேன்.

இப்ப மில்லுல பாய்லர் பாத்துக்கற ஒருத்தர் வந்து கேட்டிருக்காரு, வயசு 57. அவருகிட்ட லிஸ்ட்டு எதுவும் எழுதிட்டு வராதீங்க, ஒரு வேலை நாள மட்டும் எழுதிட்டு வாங்க, சம்சாரத்தையும் கூட்டிட்டு வாங்கன்னு சொல்லியிருக்கேன். அண்ணனுக்கு அடுத்த ரத்தப் பரிசோதனை ஜூலையில, அண்ணிக்கு ஈப்போ தேதி அதுக்கு முன்னாடியே இருக்கு, அன்னிக்கு மதியச் சோறு யாரு ஆக்கறதுன்னு அட்டவணையில ஏற்கனவே எழுதியாச்சு.